சாயம் போனாத்தான் அசல்

முதல்லயே ஒரு டிஸ்கி. நான் தாவரவியல் படிச்சவன் இல்லை. படிச்சது இன்ஜினியரிங், பொழப்பு ஜாவாவோட. மொட்டை மாடியில நாப்பது அம்பது தொட்டி இருக்கு, அதுதான் தகுதி. அதனால இதை ஒரு காஞ்சிபுரத்துக்காரனோட புலம்பலா எடுத்துக்குங்க :-)

புலம்பல் எதைப் பத்தின்னா, நீலச் செடி. இப்பல்லாம் கல்யாணத்துல தாம்பூலப் பையில தேங்காயோட, சில இடத்துல தேங்காய்க்குப் பதிலாவே, உள்ளங்கை அகலத் தொட்டியில ஒரு குட்டிச் செடி வச்சுக் குடுக்குறாங்க. சக்குலன்ட்னு பேர். நம்ம கற்றாழை மாதிரி இலையிலயே தண்ணி சேத்து வச்சுக்குற சதைப்பற்றுச் செடி. அதுல பச்சையை விட நீலத்துக்குத்தான் கிராக்கி. சாம்பல் கலந்த நீலம், மேல திருநீறு பூசின மாதிரி ஒரு படலம், ரோஜாப்பூ மாதிரி அடுக்கு. பார்த்தா யாருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். பிரச்சினை என்னன்னா, கிராக்கி வந்ததும் பச்சைச் செடிக்கு மேல ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சு நீலம்னு விக்க ஆரம்பிச்சுட்டாங்க. மயில் கழுத்து நீலம், இங்க் நீலம், சிலதுல ஜிகினா வேற. நர்சரியிலயும் பார்த்திருக்கேன், ஆன்லைன்லயும் பார்த்திருக்கேன். வெளிநாட்டுலயும் இதே கதைதான், அங்க கடைக்காரங்க பல வருஷமாவே கள்ளிச் செடிக்குப் பெயின்ட் அடிச்சு விக்குறாங்க.

வேற ஊர்ல இது நடந்தா 'சரி, போகட்டும்'னு விட்டுடலாம். நம்ம ஊர்ல நடக்குறதுதான் ஜீரணிக்க முடியலை. காஞ்சிபுரத்துல புடவை எடுக்க வர்ற ஒரு பாட்டியம்மாவைப் பாருங்க. ஜரிகையை நகத்தால லேசாச் சுரண்டி, உள்ள சிவப்புப் பட்டு நூல் தெரியுதான்னு பார்க்காம நகர மாட்டாங்க. கர்ச்சீப் நுனியை நனைச்சு முந்தானை ஓரத்துல தேய்ச்சு சாயம் ஒட்டுதான்னு பார்ப்பாங்க. அரசாங்கமே ஜரிகைக்குன்னு தனியா தமிழ்நாடு ஜரிகை ஆலைன்னு ஒண்ணை இங்க நடத்துது. பட்டு அசலான்னு சொல்ல மத்தியப் பட்டு வாரியம் 2004ல சில்க் மார்க் கொண்டு வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கு. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்காக முத்துச் செட்டியார் உருவாக்கின 'எம்.எஸ். புளூ' இன்னைக்கும் அதே பேர்ல ஓடுது. நிறத்துல ஏமாத்த முடியாத ஊர்னு பேர் வாங்கின ஊர் இது. அந்த ஊர் கல்யாண மண்டபத்துல, பெயின்ட் அடிச்ச செடியை ஒருத்தரும் சுரண்டிப் பார்க்காம பையில போட்டுக்கிட்டுப் போறாங்க.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. புடவையில பண்ற சோதனையை அப்படியே செடியில பண்ணினா விடை தலைகீழா வரும். புடவையில தேய்ச்சா நிறம் கையில ஒட்டக் கூடாது. செடியில தேய்ச்சா ஒட்டணும்! அசல் நீல இலையில கட்டை விரலை அழுத்தி எடுங்க, விரல்ல வெள்ளை மாவு ஒட்டும், இலையில ரேகையோட பச்சைத் தழும்பு விழும். பெயின்ட் அடிச்சதுல ஒண்ணும் ஆகாது, பளபளன்னு அப்படியே இருக்கும். சாயம் போனா அசல், போகலைன்னா போலி. (சோதனைக்கு அடியில இருக்குற ஒரே ஒரு இலை போதும் சாமி. கடைக்காரர் பார்க்கும்போது பத்து இலையைத் தேய்ச்சு அடி வாங்காதீங்க.) இன்னொரு அடையாளம் நடுக்குருத்து. அசல்ல புதுசா வர்ற குருத்துலதான் மாவு கெட்டியா இருக்கும். பெயின்ட் செடியில ரெண்டு வாரத்துலயே நடுவுல பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கும், சுத்தி இருக்குற இலை மட்டும் நீலமா நிக்கும்.

ஏன் இப்படின்னா, இந்தச் செடிகள்ல நீலம்ங்கறது நிறமியே இல்லை. இலைத்தோல் மேல செடி தானே சுரக்குற மெழுகு அது. கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடித் துகளா படிஞ்சிருக்கும். வெளிச்சம் அதுல பட்டுச் சிதறும்போது நீல அலை கொஞ்சம் அதிகமாச் சிதறும். வானம் நீலமாத் தெரியற கதைக்குப் பங்காளிக் கதை. அடியில இருக்குற இலை பச்சைதான், மேல மாவு. இதைப் புரிஞ்சுக்க மெக்சிகோ வரைக்கும் போக வேண்டாம். கருப்புத் திராட்சை மேல இருக்குற படலம், வாழையிலைக்கு அடியில விரல்ல ஒட்டுற வெள்ளை, முட்டைக்கோஸ் வெளி இலை, எல்லாம் அதே சரக்கு. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டுற எருக்குச் செடியோட இலையைப் பாருங்க. நீலம்னு யாரும் சொல்றதில்லை, ஆனா அந்தச் சாம்பல் கலந்த பச்சைக்கும் காரணம் இந்த மாதிரிப் பூச்சுதான். தாமரை இலையில தண்ணி ஒட்டாம உருளுறதும் மெழுகாலதான். ஜெர்மனியில பார்த்லாட்னு ஒரு பேராசிரியர் அதை ஆராய்ச்சி பண்ணி 1997ல எழுதின பிறகு 'லோட்டஸ் எஃபெக்ட்'னு பேராகி, தானே சுத்தமாகுற சுவர்ப் பெயின்ட் வரைக்கும் வந்துடுச்சு.

எங்க தெருவுல தறி போடுற பெரியப்பா ஒருத்தர் மாடிக்கு வந்தப்ப இதைப் பார்த்துட்டு, "என்னப்பா, பாவுக்குக் கஞ்சி போட்ட மாதிரில்ல இருக்கு"ன்னார். ஒரே வரியில சொல்லிட்டார். விடிகாலையில தெருவுல பாவை நீட்டிக் கஞ்சி போடுறது, தறியில அடி வாங்கும்போது இழை அறுந்துடாம இருக்க. செடி மாவு பூசிக்கிறதும் அழகுக்கு இல்லை. வெயிலைத் திருப்பி அனுப்பணும், உள்ள இருக்குற தண்ணி ஆவியாகாமக் காப்பாத்தணும், மழைத்தண்ணி இலையிடுக்குல நிக்காம உருண்டு ஓடணும். அது செடியோட குடை. பெயின்ட் அடிச்சா என்ன ஆகும்? வெளிச்சம் இலைக்குள்ள போகாது, மூச்சு விடுற துளைகளும் அடைபடும். செடி உடனே சாகாது, இலையில சேமிச்ச தண்ணியை வச்சு ரெண்டு மூணு மாசம் தாக்குப் பிடிக்கும். அதுக்குள்ள கல்யாண ஆல்பமே வந்துடும், செடி போனதை யார் கேக்கப் போறாங்க? வித்தவருக்கு அதுதான் வசதி.

சரி, பெயின்ட் இல்லாத அசல் நீலத்தையே வாங்கிட்டோம்னு வைங்க. அப்பவும் ஒரு சிக்கல் இருக்கு. கடையில ரோஜா அடுக்குல இருக்குற நீலச் செடி பெரும்பாலும் எச்செவேரியா வகை. அதனாசியோ எச்செவெரியான்னு ஒரு மெக்சிகோ ஓவியர், செடிகளைப் படம் வரைஞ்சவர். அவர் பேரை 1828ல வச்சாங்க. அதோட பூர்வீகம் பெரும்பாலும் மெக்சிகோ மலைப்பக்கம். பகல்ல நல்ல வெயில், ராத்திரி குளிர். கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு, பெங்களூர் எல்லாம் அதுக்குப் பிறந்த வீடு மாதிரி. நம்ம ஊர்?

இந்தச் செடிகள் வேலை செய்யற விதமே வேற. மத்த செடி பகல்ல துளையைத் திறந்து காத்தை உள்ள இழுக்கும். இது பகல்ல திறந்தா தண்ணி போயிடும்னு, ராத்திரி ஷிஃப்ட்ல வேலை பார்க்கும் (எங்க கம்பெனி மாதிரியேதான்). ராத்திரி துளையைத் திறந்து கரியமில வாயுவை இழுத்து, அமிலமாக்கி இலையில சேத்து வச்சுக்கும். பகல்ல கதவைச் சாத்திட்டு அதை வச்சு சமைக்கும். இதுக்கு ராத்திரி குளுமை முக்கியம். காஞ்சிபுரத்துல மே மாசம் பகல் 40 டிகிரியைத் தாண்டும், அது கூடப் பரவாயில்லை. ராத்திரியும் 28க்குக் கீழ இறங்க மாட்டேங்குதே, அங்கதான் அடி. சேமிப்பு குறையும், சுவாசத்துக்கே இருக்குறது கரையும். இலை மெலிஞ்சு தண்டு நீளும். பாவம்னு நாம தண்ணி ஊத்துவோம், வேர் அழுகும். கொடைக்கானல் டூர் போயிட்டு வாங்கிட்டு வர்ற செடி ஆடிக்குள்ள போறதுக்கு இதுதான் காரணம், உங்க கை ராசி இல்லை.

நிழல்ல வச்சுக் காப்பாத்தலாமேன்னு கேப்பீங்க. உயிர் பிழைக்கும், நீலம் போயிடும். வெயிலைத் தடுக்கத்தானே மாவு? வெயில் இல்லைன்னா செடி ஏன் மெனக்கெடணும். வரவேற்பறை டீப்பாய் மேல வச்ச நீலச் செடி ஆறு மாசத்துல பச்சையா, நோஞ்சானா நிக்கும். வெயில் வேணும், ஆனா சூடு ஆகாது. சமவெளியில எச்செவேரியா வளர்க்குறதோட மொத்தக் கஷ்டமும் இதுதான்.

அதனால என் கட்சி இது: காஞ்சிபுரத்துல நீலம் வேணும்னா, சூட்டைத் தாங்குற நீலத்தைத் தேடுங்க. இருக்கு.

ஆனைக்கற்றாழை. ரயில் பாதை ஓரத்துல வேலியா நட்டு, யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத அதேதான். அமெரிக்கானா அகேவ். இதுவும் மெக்சிகோ பக்கத்துலேர்ந்து வந்ததுதான், ஆனா இங்க வந்து பல தலைமுறை ஆச்சு. மே மாச வெயில்ல அசையாது. இலை சுத்தமான சாம்பல் நீலம். கிட்டப் போய்ப் பாருங்க, ஒவ்வொரு இலை முதுகுலயும் பக்கத்து இலையோட முள் வரிசை அச்சு மாதிரிப் பதிஞ்சிருக்கும். குருத்துல ஒட்டி இருந்தப்ப விழுந்த தடம். ஜக்கார்டு அட்டை போட்டாக் கூட அவ்வளவு சுத்தமா வராது. குறை என்னன்னா ஆறடிக்கு விரியும், நுனி முள் கண்ணைக் குத்தும், சாறு பட்டா அரிக்கும். குழந்தைங்க ஓடுற வீட்டுக்கு ஆகாது. பத்து முப்பது வருஷத்துக்கு ஒரு தடவை வானம் முட்ட ஒரு தண்டு விட்டுப் பூத்து, அதோட செத்துடும். சுத்தி குட்டிங்க இருக்கும், கவலை இல்லை.

தொட்டிக்கு வேணும்னா கலஞ்சோ ஃபெட்சென்கோயி. மடகாஸ்கர் செடி. இலை ஓரம் பிஸ்கட் மாதிரி வளைவு வளைவா, நீலமும் ஊதாவும் கலந்து, குளிர் மாசத்துல ஓரத்துல ரோஸ் அடிக்கும். ஒரு துண்டு ஒடிச்சு நட்டா மூணு நாலு வாரத்துல வேர். ரெண்டு எச்சரிக்கை. ஆடு மாடு தின்னா விஷம், அதனால தெருப்பக்கம் வைக்காதீங்க. அப்புறம், மிச்சத்தை ஏரிக்கரையில வீசாதீங்க. விழுந்த இடத்துல முளைக்குற சாதி. அழகுக்கும் நிறத்துக்கும் கொண்டு வர்ற செடி ஊரைப் பிடிச்ச கதை நமக்குப் புதுசும் இல்லை. 1780கள் கடைசியில ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு கம்பெனி டாக்டர் சைதாப்பேட்டையில சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். எதுக்கு? கள்ளியில வளர்ற கொச்சினீல் பூச்சியிலேர்ந்து சிவப்புச் சாயம் எடுக்க! சாயத் தொழில் உருப்படலை. சப்பாத்திக்கள்ளிகள் மட்டும் தென்னிந்தியா முழுக்கக் காடாச்சு. 1926ல இலங்கையிலேர்ந்து இன்னொரு கொச்சினீல் பூச்சியைக் கொண்டு வந்து விட்ட பிறகுதான் அடங்குச்சு.

கிராப்டோபெட்டாலம்னு ஒண்ணு இருக்கு, கோஸ்ட் பிளான்ட்னு கேட்டாக் கிடைக்கும். எச்செவேரியாவுக்கு ஒண்ணு விட்ட அண்ணன், அதே ரோஜா அடுக்கு, ஆனா சூடு தாங்கும். கொஞ்சம் நிழல்ல நீலம், நல்ல வெயில்ல ரோஸ் கலந்த சாம்பல். இதோட முழுப்பேர்ல பராகுவே இருக்கு, சொந்த ஊர் மெக்சிகோ. எங்கேயோ நெஞ்சு காஞ்சிப் பட்டுன்னு விக்குறதைப் பார்த்துப் பழகின நமக்கு இது பெரிய விஷயமா என்ன :-)

'இலை இல்லைன்னாலும் பரவாயில்லை, நீலம்தான் வேணும்'னா பைலோசெரியஸ் கள்ளி. பிரேசிலோட காய்ஞ்ச வடகிழக்குச் சீமை. கம்பம் மாதிரி நேரா வளரும், நான் பார்த்ததுலயே ஆழமான நீலம் இதுதான், வெயில் ஏற ஏற நிறம் கூடும். வெளிநாட்டு வீடியோக்கள்ல தரை முழுக்க நீல விரல் மாதிரிப் பரவிக் கிடக்குமே செனேசியோ, அது தென்னாப்பிரிக்கா கேப் பக்கத்துச் செடி. நம்ம கோடையில சுருண்டு படுத்துடும். புரட்டாசிக்கு மேல பார்த்துக்கலாம்னு ஓரமா வைக்கலாம், அதை நம்பி தரை பூரா நட வேண்டாம்.

பராமரிப்புல பெருசா சொல்ல ஒண்ணுமில்லை, செய்யக் கூடாதது ஒண்ணு ரெண்டு சொல்லணும். முதல்ல வேப்பெண்ணெய். எந்தச் செடிக்கு என்ன ஆனாலும் 'வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும் அடிங்க'ன்னு ஒரு கூட்டம் சொல்லிக்கிட்டே இருக்கு. மத்த செடிக்கு நல்ல மருந்துதான். நீலச் செடிக்கு அடிச்சா எண்ணெயும் சோப்பும் மெழுகைக் கழுவிடும், அடுத்த நாள் நீலமும் இருக்காது, வெயில்ல இலையும் வேகும். கொலராடோ புளூ ஸ்ப்ரூஸ்னு குளிர் நாட்டு மரம் ஒண்ணு இருக்கு, அதுக்கு எண்ணெய் மருந்து அடிக்காதீங்க, நீலம் போயிடும்னு அங்க எச்சரிக்கையே உண்டு. முத்தின இலையில மாவு ஒரு தடவை போனா பெரும்பாலும் திரும்ப வராது, அடுத்த குருத்துக்குக் காத்திருக்கணும். அதே காரணத்துக்காகத்தான், தூசின்னு நினைச்சு ஈரத் துணியால துடைக்கவும் கூடாது. அம்மாக்கள் கவனத்துக்கு.

மாவுப்பூச்சி வந்தா? இதுவும் வெள்ளை, அதுவும் வெள்ளை, குழப்பம்தான். பூச்சி பஞ்சு மாதிரி இலையிடுக்குல திரண்டு நிக்கும், மெழுகு சமமாப் படிஞ்சிருக்கும். காது குடையுற பட்ஸை ஸ்பிரிட்ல நனைச்சுப் பூச்சி மேல மட்டும் தொடுங்க. இன்னொரு வெள்ளையும் இருக்கு: போர் தண்ணி உப்பு. எங்க தெருத் தண்ணியை இலை மேல தெளிச்சா திட்டுத் திட்டா உப்பு காய்ஞ்சு நிக்கும். தண்ணியை எப்பவும் மண்ணுல ஊத்துங்க, சாயங்காலமா, மண் முழுக்கக் காய்ஞ்ச பிறகு. நர்சரியிலேர்ந்து வந்ததும் அந்தத் தேங்காய் நார்த் தூளை உதறிட்டு, செம்மண்ணோட பாதிக்குப் பாதி உடைச்ச செங்கல் துண்டு கலந்து மண் தொட்டியில மாத்துங்க. நார்த்தூள் மலை ஊருக்குச் சரி, ஐப்பசி மழையில அது பஞ்சு மாதிரி நனைஞ்சு கிடக்கும். வடகிழக்கு மழை மூணு மாசமும் சன்ஷேடுக்கு அடியில, அக்னி நட்சத்திரத்துல பாதி நிழல் தர்ற பச்சை வலைக்கு அடியில. காலை வெயில் பத்து மணி வரைக்கும் இருந்தாப் போதும், நீலம் நிக்கும்.

நீல மோகம் இங்க பெயின்ட்டோட நிக்குது. கலிஃபோர்னியாவுல திருட்டு வரைக்கும் போச்சு. அங்க கடலோரப் பாறையில டட்லியான்னு ஒரு வகை வளருது, அதுல ஒண்ணுக்குப் பேரே ஃபாரினோசா, மாவு பூசினதுன்னு அர்த்தம். தென்கொரியா, சீனா பக்கம் கிராக்கி ஏற, 2018 வாக்குல ஆயிரக்கணக்குல பாறையிலேர்ந்து பேத்து எடுத்து பார்சல்ல அனுப்பப் பார்த்தவங்க பிடிபட்டாங்க. இந்தச் செடியைத் திருடினாக் குற்றம்னு 2021ல தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. மெழுகுப் பூச்சுக்கு இவ்வளவு அக்கப்போர்.

நர்சரிக்காரங்களை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கேட்டுட்டேன். "நீலம் இருந்தாத்தான் தம்பி எடுக்குறாங்க, சாம்பல் நிறத்தைக் காட்டினா பூஞ்சை பிடிச்சிருக்கான்னு கேக்குறாங்க"ன்னார் ஒருத்தர். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. வாங்குறவங்களுக்கு அசல் எப்படி இருக்கும்னு தெரியாத வரைக்கும் ஸ்ப்ரே கேனுக்கு ஓய்வு கிடையாது. கல்யாண ஆர்டர் குடுக்குறவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும்: "அடி இலையைத் தேய்ச்சுப் பார்க்கலாமா?" ஜரிகைக்குக் கேக்குற அதே உரிமையோட.

வர்ற தை மாசம் எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணம். கலஞ்சோ தாய்ச்செடி பன்னெண்டு தொட்டி மாடியில இருக்கு, ஐப்பசி மழை விட்டதும் ஒடிச்சு நட்டா 150 சின்ன மண் தொட்டி தேறும். 'ஆடு மாடுக்கு எட்டாம வைக்கவும், துடைக்க வேண்டாம்'னு ஒரு சீட்டும் ஒட்டிடலாம்னு பிளான். சித்தப்பாவுக்குச் சம்மதம். சித்திதான், "தேங்காய் இல்லாம என்னடா தாம்பூலம்"னு பிடிச்சுக்கிட்டு நிக்குறாங்க. தேங்காயும் உண்டு, செடியும் உண்டுன்னு இப்போதைக்குப் பேச்சுவார்த்தை முடிஞ்சிருக்கு.